இன்னும் ஒரே ஒரு டிராக், ப்ளீஸ்!

கிடார் வாங்கிய இளைஞர்கள் இரண்டு ரகம். முதல் ரகம் மூன்று மாதத்தில் அதைச் சுவரில் மாட்டிவிட்டு டிபார்ட்மெண்ட் பரீட்சைக்குப் படிக்கப் போய்விடும். இரண்டாவது ரகம் விடாமல் வாசித்து, விரல் நுனி காய்த்துப்போய், ஓரளவுக்குத் தேறியும்விடும். கஷ்டம் இவர்களுக்குத்தான். கூட வாசிக்க ஆள் வேண்டுமே! பாஸ் வாசித்த நண்பனுக்குக் கல்யாணமாகிவிட்டது. ட்ரம்ஸ் வாசித்தவனை நாக்பூருக்கு மாற்றிவிட்டார்கள். கீபோர்டுக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அவன் அம்மா எடுத்து, "ராத்திரி ரிசப்ஷன் கச்சேரிப்பா, தூங்கறான்" என்கிறார்.

இப்படி அம்போவென்று நிற்கிற கிடார்க்காரர்களுக்காகவே (உலகம் பூரா இருக்கிறார்கள்) கனடாவின் விக்டோரியா நகரத்திலிருந்து 1990-ல் ஒரு ஸாஃப்ட்வேர் வந்தது. எழுதியவர் பீட்டர் கானன். கம்பெனி, பி.ஜி. ம்யூஸிக். ஸாஃப்ட்வேரின் பெயர் 'பேண்ட்-இன்-எ-பாக்ஸ்'. அதாவது, பெட்டிக்குள் ஒரு பேண்டு கோஷ்டி. அந்தக் கால அடாரி கம்ப்யூட்டரில்கூட ஓடியது. இன்றைக்கும் வருஷா வருஷம் புதுப் பதிப்பு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உபயோகிப்பது சுலபம். ஸ்க்ரீனில் கட்டம் கட்டமாக ஒரு பக்கம் வரும். பார்த்தால் ட்ரயல் பேலன்ஸ் ஷீட் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு கட்டமும் பாட்டில் ஒரு பார். கட்டத்துக்குள் ஸி, ஏ மைனர், ஜி செவன் என்று கார்டுகளை டைப் அடிக்க வேண்டும். அப்புறம் இது ஜாஸா, போஸா நோவாவா, கன்ட்ரியா என்று ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து ப்ளே பட்டனை அமுக்கினால் கோஷ்டி வாசிக்க ஆரம்பித்துவிடும். டீ கேட்காது. லேட்டாக வராது. 'என் சோலோவை ஏன் வெட்டினே?' என்று கோபித்துக்கொண்டு போகாது. ராத்திரி ஒன்பதரைக்கு ஒரே பாட்டை நாற்பது தடவை வாசிக்கச் சொன்னாலும் நாற்பது தடவையும் அதே உற்சாகம். 2007-லிருந்து 'ரியல் டிராக்ஸ்' என்று நிஜ வித்வான்களையே வாசிக்க வைத்துப் பதிவு செய்து, அதை உங்கள் கார்டுகளுக்குத் தக்கபடி வெட்டி ஒட்டிக் கொடுக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டால் அறைக்குள் நிஜமாகவே நாலு பேர் இருக்கிற மாதிரி இருக்கும்.

இவ்வளவு கொடுத்தாயிற்று. மனுஷன் சும்மா இருப்பானா? 'இன்னும் ஒரே ஒரு டிராக்' என்றான்.

பெட்டிக்குள் பல காலமாக இருந்தவை ஐந்து நாற்காலிகள்: பாஸ், பியானோ, ட்ரம்ஸ், கிடார், ஸ்ட்ரிங்ஸ். பிறகு மெலடிக்கு ஒன்று, சோலோ வாசிப்பவருக்கு ஒன்று. நீங்கள் பாடுவதற்கு, அதாவது மைக்கில் பதிவு செய்வதற்கு, ஆடியோ டிராக் ஒன்று. ஒன்றே ஒன்று! கோஷ்டிக்கு இத்தனை இடம் கொடுத்துவிட்டு முதலாளிக்கு ஒரு ஸ்டூல் போட்ட மாதிரி.

ஒரு தடவை பாடிவிட்டுப் போகிறவருக்கு ஸ்டூல் போதும். ஆனால் இந்த ஸாஃப்ட்வேர் வாங்குகிறவரின் கதையே 'கூட ஆள் இல்லை' என்பதுதானே? பல்லவியில் இரண்டாவது குரல் சேர வேண்டுமென்றால் அந்த இரண்டாவது ஆளும் அவரேதான். ஒரு டிராக் இருக்கும் இடத்தில் அதை எங்கே வைப்பது? பழைய குரலின் மேலேயே கலந்துகொள்ள வழி செய்திருந்தார்கள். ஆனால் கலந்தது கலந்ததுதான். சாம்பாரில் உப்புப் போட்ட மாதிரி. மறுநாள் காலையில் கேட்டுவிட்டு, 'அடடா, ரெண்டாவது குரல் கொஞ்சம் ஓவர்' என்று தோன்றினால் அதை மட்டும் குறைக்க முடியாது. முதலிலிருந்து பாட வேண்டியதுதான்.

ஜனங்கள் விடுவார்களா? வாத்தியப் பஞ்சத்துக்கு 'மெட்லி' என்ற வசதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே டிராக்கில் பல வாத்தியங்களைச் சேர்த்து அடைப்பது. ஒரே ரேஷன் கார்டில் சித்தப்பா, ஒன்றுவிட்ட அத்தை எல்லோரையும் சேர்த்த மாதிரி. குரலுக்கு அந்த வழியும் இல்லை. கம்பெனியைக் கேட்டால், 'எங்களிடமே ரியல்பேண்ட் என்று இன்னொரு ப்ரோக்ராம் இருக்கிறது, 48 டிராக்!' என்பார்கள். உண்மைதான். ஆனால் பந்தியில் உட்கார்ந்தவனிடம், 'ரசம் அடுத்த மண்டபத்தில் தாராளமாக இருக்கிறது' என்று சொன்னால் எழுந்து போவானா? உட்கார்ந்த இடத்தில் வேண்டும் என்கிறான்.

'ஒரு டிராக் கூட்டுவது என்ன பிரமாத வேலை? அஞ்சை ஆறாக்கினால் தீர்ந்தது' என்று நினைப்பவர்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். பி.காமில் த்ரீ காலம் கேஷ் புக் என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். டிஸ்கவுண்ட், கேஷ், பேங்க் என மூன்று பத்தி. மானேஜர் திடீரென்று அக்டோபர் மாதத்தில், 'நாலாவதாக ஒரு பத்தி போடுங்க சார்' என்றால் என்ன ஆகும்? ஸ்கேலும் பேனாவும் எடுத்து ஒரு கோடு கிழிப்பது அரை நிமிஷ வேலை. ஏப்ரலிலிருந்து எழுதிய பக்கங்களில் அந்தப் பத்திக்கு என்ன போடுவது? அடியில் டோட்டல் எங்கே பொருந்தும்? இந்த நோட்டைப் பார்த்து எழுதுகிற லெட்ஜர்காரர் என்ன செய்வார்?

ஸாஃப்ட்வேரிலும் இதே கதை. பாட்டை ஸேவ் செய்யும் ஃபைலில் இன்ன இடத்தில் இன்ன வாத்தியம் என்று பத்தி பிரித்திருக்கும். மிக்ஸர், அச்சடிக்கும் ஸ்வரத்தாள், ஸ்டைல்கள் எல்லாம் அந்தப் பத்திகளை நம்பித்தான் நிற்கின்றன. பழைய வாடிக்கையாளர் ஒருவர் 1990-களில் போட்ட பாட்டை இன்றைக்குத் திறந்தாலும் அது பாட வேண்டும். பாடாவிட்டால் அவர் எழுதும் கடிதம் புது டிராக் கேட்டு வரும் நூறு கடிதங்களைவிடக் காரமாக இருக்கும்.

போதாக்குறைக்குச் சில வரம்புகள் ஒயருக்குள்ளேயே இருக்கின்றன. எலெக்ட்ரானிக் வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983-ல் 'மிடி' என்று ஒரு பாஷை வந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் ரோலண்ட் கம்பெனியை ஆரம்பித்த இகுதாரோ காகேஹாஷி இருவரும் இதில் முக்கியஸ்தர்கள். கம்பெனிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய விஷயம். மிடி செய்தியின் முதல் பைட்டில் எட்டு பிட். அதில் நாலு 'என்ன செய்யணும்' என்பதற்கு, நாலு 'யார் செய்யணும்' என்பதற்கு. நாலு பிட்டில் 16 பேருக்குத்தான் விலாசம் எழுத முடியும். பதினேழாவது ஆளுக்கு அந்தத் தெருவில் வீடே கிடையாது. இன்னொரு ஒயர் போட்டு இன்னொரு தெரு திறக்க வேண்டியதுதான். ஒரு ஸ்வரம் அந்த ஒயரில் போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட். பத்து விரலையும் ஒரே சமயத்தில் வைத்தால், பத்தாவது ஸ்வரம் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டுதான் வரும். 2020-ல் வந்த மிடி 2.0-வில் 16 பேர் கொண்ட 16 கோஷ்டி, ஆக 256 பேர் என்று விஸ்தரித்திருக்கிறார்கள். முப்பத்தேழு வருஷம் கழித்து!

இதே பேண்ட்-இன்-எ-பாக்ஸில் நீண்ட காலம் ஒரு பாட்டுக்கு 255 பார்தான் உச்சம் என்று இருந்தது. ஏன் ரவுண்டாக 250 இல்லை, 300 இல்லை? ஒரு பைட்டுக்குள் அடங்கும் பெரிய எண் 255. என்றைக்கோ ஒருவர் மெமரியை மிச்சம் பிடித்து 'இதற்கு மேல் யார் பாடப் போகிறார்கள்' என்று நினைத்ததன் அடையாளம். இந்த மாதிரி லிமிட்டுகளில் எனக்குக் கோபம் இல்லை. பழைய வீட்டில் நிலைப்படி தாழ்வாக இருக்கிறது; குனிந்து போகிறோம்.

கோபம் வருவது இன்னொரு ரகத்தில். 'புரோ டூல்ஸ்' என்று ஸ்டுடியோக்காரர்கள் சத்தியம் செய்யும் ஸாஃப்ட்வேர். 1991-ல் முதலில் வந்தபோது நாலே டிராக். விலை சுமார் 6,000 டாலர். கம்ப்யூட்டருக்குள் சொருகிய கார்டுக்கு அதற்கு மேல் சக்தி இல்லை, நியாயம். 2022-ல் அதே புரோ டூல்ஸில் 'இன்ட்ரோ' என்று இலவசப் பதிப்பு ஒன்று விட்டார்கள். அதில் ஆடியோ டிராக் எட்டு. காசு கொடுத்து 'ஆர்ட்டிஸ்ட்' பதிப்பு வாங்கினால் 32. இன்னும் கொடுத்து 'ஸ்டுடியோ' வாங்கினால் 512. கம்ப்யூட்டர் அதேதான், மாறியது பில் மட்டும். ஒன்பதாவது டிராக்கைக் கொடுப்பதற்குக் கம்பெனிக்குக் கூடுதலாக ஒரு பைசா செலவு கிடையாது. அது நிலைப்படி இல்லை, கல்லாப்பெட்டி.

வியாபாரம் படித்தவன் என்ற முறையில் இதைத் தப்பு என்று சொல்லிவிட மாட்டேன். ஒரே ரயிலில் ஃபர்ஸ்ட் கிளாஸும் இருக்கிறது, செகண்ட் கிளாஸும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில்தான் எழும்பூர் போய்ச்சேர்கின்றன. ஆனால் கௌண்டரிலேயே சொல்லிவிட வேண்டும். மெட்டுப் போட்டு, எட்டு டிராக் நிரப்பி, ராத்திரி பதினொன்றுக்குக் கோரஸ் சேர்க்கப் போகும்போது 'அப்க்ரேட் செய்க' என்று பெட்டி முளைக்கிறது பாருங்கள், அது பாதி வழியில் டிக்கெட் பரிசோதகர் எழுப்பி இறக்கிவிடுகிற மாதிரி.

டிராக் கேட்டு யாராவது வாயைத் திறந்தால் உடனே ஒரு பெரியவர் எழுந்து, 'பீட்டில்ஸ் 1967-ல் ஸார்ஜென்ட் பெப்பர் ஆல்பத்தையே நாலு டிராக் மெஷினில் முடித்தார்கள். உனக்கு எதற்கு நாற்பது?' என்பார். எல்லா ஊரிலும் இந்தப் பெரியவர் இருக்கிறார். அவர் சொல்லாமல் விடுவது பாதிக் கதை. அதே ஆல்பத்தில் 'எ டே இன் த லைஃப்' பாட்டுக்கு நாற்பது பேர் ஆர்க்கெஸ்ட்ரா வந்து உட்கார்ந்தபோது நாலு டிராக் போதவில்லை. ஆபி ரோடு ஸ்டுடியோவின் இன்ஜினீயர் கென் டவுன்ஸெண்ட் இரண்டு மெஷின்களை ஒன்றாகப் பூட்டி ஓட வைத்தார். அதற்கு முந்தின வருஷம் ஜான் லென்னனுக்கு வேறு பிரச்னை. குரல் கனமாகக் கேட்க ஒரே பாட்டை இரண்டு தடவை பாட வேண்டியிருந்தது, லென்னனுக்கு அலுப்பு. அதே டவுன்ஸெண்ட் ஒரே குரலைக் கொஞ்சம் தள்ளி இன்னொரு தரம் ஒலிக்க வைக்கும் ஒரு ஏற்பாட்டைச் செய்து கொடுத்தார். ஆக, பீட்டில்ஸும் 'இன்னும் கொஞ்சம்' கேட்டவர்கள்தான். வித்தியாசம், அவர்களுடைய இன்ஜினீயர் பக்கத்து அறையில் இருந்தார்.

நம்மவர் கடிதம்தான் எழுத வேண்டும். அதைப் பெரும்பாலும் தப்பாக எழுதுகிறோம். '24 டிராக் வேண்டும்' என்று ஒரு எண்ணைப் போட்டு அனுப்பினால் படிக்கிறவருக்கு அது பேராசையாகத்தான் தெரியும். லென்னன் டிராக் கேட்கவில்லை பாருங்கள், இரண்டு தடவை பாட அலுப்பாக இருக்கிறது என்றார். அது போல, 'என் குரலையே இரண்டு தடவை பதிவு செய்கிறேன். கலந்த பிறகு ஒன்றை மட்டும் குறைக்க முடியவில்லை' என்று எழுதினால் ப்ரோக்ராம் எழுதுகிறவர் தலையைச் சொறிந்துகொண்டு வேலையை ஆரம்பிக்க வாய்ப்பு உண்டு. கூடவே இன்னொரு கோஷ்டியும் எழுதுகிறது: 'தயவு செய்து எதையும் மாற்றாதீர்கள். போன தடவை பட்டனை இடம் மாற்றியதையே நான் இன்னும் மன்னிக்கவில்லை.' இவர்களும் காசு கொடுத்தவர்கள்தான்.

பேண்ட்-இன்-எ-பாக்ஸ் விஷயம் சுபமாக முடிந்தது. 2022 பதிப்பில் 'யூடிலிட்டி டிராக்' என்ற பெயரில் புதிதாக 16 டிராக் கொடுத்துவிட்டார்கள். குரலோ வாத்தியமோ, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மிடியிலும் 16, இதிலும் 16. நம் ஊர்ப் பெரியவர்கள் கல்யாணத்தில் வாழ்த்துகிற நம்பர்! இனி நம் கிடார்க்காரர் ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் போன் செய்ய வேண்டாம். பல்லவியில் அவரே முதல் குரல், அவரே இரண்டாவது, மூன்றாவதும் அவரே. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வால்யூம்.

கீழ் போர்ஷன்காரரிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. டிராக் லிமிட் பூஜ்யமாக இருந்தால் தேவலை என்கிறார்.