பூங்கா நிலம் காலி மனை அல்ல

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே உள்ள மின்ரயில் நிலையத்தின் பெயர் பார்க். வட்டாரத்தின் பெயர் பார்க் டவுன். பெயர் தந்த பூங்காவோ ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது.

1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யனின் முயற்சியில் உருவானது பீப்பிள்ஸ் பார்க். 116 ஏக்கர் பரப்பு. 11 குளங்கள், வண்டிப் பாதைகள், பாண்டு வாத்திய மேடை. 'உயிர் காலேஜ்' என்று நகரத்தார் செல்லமாக அழைத்த மிருகக்காட்சி சாலையும் அங்கேதான் இருந்தது. வெளியூர்க்காரர்கள் பட்டணம் பார்க்க வந்தால் அங்கே போகாமல் திரும்பமாட்டார்கள்.

அந்தப் பூங்காவை யாரும் ஒரே நாளில் அழித்துவிடவில்லை. 1880-களில் விக்டோரியா மண்டபம் எழுந்தது. 1900-ல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. 1913-ல் ரிப்பன் மாளிகை வந்தது. பிறகு விளையாட்டரங்கம். மிருகக்காட்சி சாலை 1985-ல் வண்டலூருக்குப் போயிற்று. அதே ஆண்டு மூர் மார்க்கெட் தீக்கிரையாக, அங்கே ரயில்வே கட்டடம் முளைத்தது. மண்டபம், சந்தை, மாநகராட்சி அலுவலகம், ரயில் நிலையம் என்று எல்லாமே மக்களுக்குத் தேவையானவைதாம். நல்ல காரியங்களே சேர்ந்து ஒரு பூங்காவைத் தின்றுவிட்டன.

நெரிசலான நகரத்தில் வேறு இடத்துக்கு எங்கே போவது என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். அலுவலகத்தை மாடிமேல் மாடியாக உயர்த்தலாம். நிழலையும் மழைநீர் இறங்கும் மண்ணையும் அப்படி அடுக்க முடியாது. ஒற்றை அறை வீட்டில் வாழும் குடும்பத்துக்குப் பூங்காதான் முற்றம். குழந்தைகள் ஓடுவதும், முதியவர்கள் நடப்பதும், மாணவர்கள் உட்கார்ந்து படிப்பதும் அங்கேதான். மெட்ரோ பணிக்காக ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா பத்தாண்டுக்கும் மேலாக அடைபட்டுக் கிடந்தபோது, அந்தப் பகுதி மக்கள் இழந்தது இவற்றைத்தான்.

பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க நம் மாநிலத்தில் 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பெங்களூருவில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என 1991-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. மருத்துவமனை நல்ல காரியம்தான். ஆனாலும் பூங்கா நிலத்தில் அதற்கு இடமில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஒவ்வொரு பூங்காவின் சர்வே எண்ணையும் பரப்பளவையும் எல்லையையும் அதன் வாசலிலேயே மாநகராட்சி எழுதிவைக்க வேண்டும். தவிர்க்க முடியாத பொதுப்பணிக்காக இடம் எடுத்தால், திருப்பித் தரும் தேதியையும் மீண்டும் நடும் மரங்களின் எண்ணிக்கையையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இசை நீரூற்று, ஜிப்லைன் போன்ற கட்டணக் கேளிக்கைகளுக்குத் தனிப் பூங்காக்கள் இருந்துவிட்டுப் போகட்டும். வார்டு பூங்காவின் கதவு காசில்லாதவருக்கும் திறந்தே இருக்க வேண்டும்.

எவ்வளவு நல்ல காரணத்துக்காக என்றாலும், இனி ஒரு சென்ட் பூங்கா நிலத்தில்கூடக் கட்டடம் எழக் கூடாது. இதை மாநகராட்சி மன்றம் தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டும்.