ஆடிக்காற்றும் அணைக்கப்பட்ட எச்சரிக்கையும்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் தாம் எடுத்த ட்ரோன் காட்சிகளை நண்பர் ஒருவர் அண்மையில் எங்களுக்குக் காட்டினார். காற்றாலைகளின் நீண்ட வரிசை, அவற்றின் நிழல் விழுந்து சுழலும் வயல்கள், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடு. அழகுதான், மறுப்பதற்கில்லை. காட்டிக்கொண்டே அவர் சொன்னார்: “பலத்த காற்று, பலத்த காற்று என்று திரையில் ஓயாமல் எச்சரிக்கை வந்தது. கம்பெனிக்காரன் வழக்குக்குப் பயந்து போடுகிற வாசகம் அது. ஒலியை நிறுத்திவிட்டு எடுத்தேன்.” உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுள் ஒருவர், காற்றையே ஏவல்கொண்டு கலம் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்று கரிகாலனைப் பாடிய வெண்ணிக்குயத்தியாரையும் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பை மறுத்தே இதை எழுதுகிறேன். ஒரு வரியின் உட்பொருளைப் பற்றி மூன்று மணி நேரம் வாதிடக்கூடியவர்கள் நாம். கையிலிருக்கும் கருவி இரண்டே வரியில் சொல்வதைப் படிக்க மறுப்பதை வீரம் என்று கருதுகிறோம். இது படிப்பில் நேர்ந்த பிழை என்பதே என் தரப்பு.

முதலில், அந்த எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது? நம் கைக்கெட்டும் விலையில் விற்கும் ட்ரோன்களில் காற்றுமானி கிடையாது. கருவி தன் இடத்தை ஜிபிஎஸ் கொண்டு அறிகிறது. காற்று தள்ளும்போது, தள்ளும் திசைக்கு எதிராகச் சாய்ந்து நிலைகொள்கிறது. எந்த அளவு சாய்ந்தால் நிற்க முடிகிறது என்பதிலிருந்து காற்றின் வேகத்தை அதன் மென்பொருள் மதிப்பிடுகிறது. சாய்வுக்கு ஓர் எல்லை உண்டு. சாயச் சாய விசிறிகளின் உந்துவிசையில் ஒரு பகுதி பக்கவாட்டில் செலவாகும். உயரம் குறையாதிருக்க மோட்டார்கள் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். மின்கலம் விரைவாகக் கரையும். ஆகவே திரையில் தோன்றும் வாசகத்தை வானிலை அறிக்கையாகப் படிப்பது தவறு. “இனிமேல் சாய எனக்கு அதிக இடமில்லை” என்று கருவி தன் நிலையைச் சொல்கிறது. எல்லையும் தாண்டிவிட்டால் அது காற்றோடு போகும். நாம் விசையை எவ்வளவு தள்ளினாலும் போகும்.

இரண்டாவதாக, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண். 2019இல் வெளிவந்த 249 கிராம் எடையுள்ள மேவிக் மினிக்கு நிறுவனம் குறிப்பிட்ட காற்றுத் தாங்குதிறன் வினாடிக்கு 8 மீட்டர். 2020இல் வந்த மினி 2க்கு 8.5 முதல் 10.5 மீட்டர். இவற்றை போஃபோர்ட் அளவையில் முறையே நான்கு, ஐந்து என்பார்கள். அந்த அளவையின் வரலாறு இலக்கிய வாசகர்களுக்கு உவப்பானது. 1805இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட், ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய்களை விரித்துச் செல்ல இயலும் என்பதைக் கொண்டே காற்றைத் தரம் பிரித்தார். நிலத்துக்குரிய அடையாளங்களை 1906இல் ஜார்ஜ் சிம்ப்சன் வகுத்தளித்தார். புழுதியும் காகிதத் துண்டுகளும் எழும்பி, சிறு கிளைகள் அசைந்தால் நான்கு. இலையடர்ந்த சிறுமரங்கள் ஆடத் தொடங்கினால் ஐந்து. கருவி வாங்க வக்கில்லாதவனும் மரத்தைப் பார்த்துப் படிக்கக்கூடிய மொழி இது. வேப்பங்கன்று முழுதாக ஆடும்போது 249 கிராம் பொருளை வானில் விடுபவர், மரத்தின் எச்சரிக்கையை முதலிலேயே புறக்கணித்துவிட்டார். திரையின் எச்சரிக்கை அதற்குப் பின்னால் வருவது.

மரம் ஆடவில்லையே என்பார்கள். நியாயமான கேள்வி, விடை உயரத்தில் இருக்கிறது. வானிலை நிலையங்கள் தரும் காற்று வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்கப்படுவது. மேலே போகப் போகத் தரையின் உராய்வு குறைந்து காற்று வலுக்கும். திறந்த சமவெளிக்கு வழக்கமாகக் கொள்ளும் கணக்கின்படி, 10 மீட்டரில் வினாடிக்கு 6 மீட்டராக இருக்கும் காற்று, 100 மீட்டரில் ஏறத்தாழ 8.3 ஆகிவிடும். மேவிக் மினியின் எல்லை அங்கேயே கடந்துவிட்டது. கணவாயில் இந்தக் கணக்கும் போதாது. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் முட்டி, கிடைக்கும் இடைவெளிகளில் நெருக்கிப் புகும் இடங்கள் பாலக்காடும் செங்கோட்டையும் ஆரல்வாய்மொழியும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டதே அதற்காகத்தான். கட்டடத்தின் மறைவிலோ குன்றின் அடியிலோ நின்றுகொண்டு, சட்டைக் காலர் அசையவில்லை என்று ட்ரோனை எழுப்புகிறோம். அறுபது மீட்டர் மேலே அது வேறொரு உலகில் இருக்கிறது.

மூன்றாவதாக, திரும்பி வருதல். காற்றில்லாத வேளையில் வினாடிக்கு 10 மீட்டர் செல்லும் கருவியை, 8 மீட்டர் காற்று வீசும் திசையிலேயே ஒரு கிலோமீட்டர் அனுப்புகிறீர்கள் என்று கொள்வோம். போக இரண்டு நிமிடம்கூட ஆகாது. ‘எவ்வளவு லகுவாகப் போகிறது’ என்று மனம் பூரிக்கும். திரும்பும்போது எஞ்சும் வேகம் வினாடிக்கு 2 மீட்டர். அதே ஒரு கிலோமீட்டருக்கு 500 வினாடிகள், எட்டு நிமிடங்களுக்கும் மேல். காற்று 10 ஆனால் கருவி வானில் நின்ற இடத்திலேயே நிற்கும். மின்கலம் மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும். பாதிக்கு மேல் மின்சாரம் இருக்கிறது என்ற ஆறுதலுக்கு இங்கே பொருளில்லை. அந்த விழுக்காடு எதிர்காற்றை அறியாது.

பதறிப்போய் நாம் செய்வது, வீடு திரும்பும் பொத்தானை அழுத்துவது. பல கருவிகள் அந்த ஆணையைப் பெற்றதும், முன்பே நிர்ணயித்த உயரத்துக்கு ஏறிவிட்டுத்தான் திரும்பும். காற்று இன்னும் வலுத்திருக்கும் உயரம் அது. வினோதம் என்னவென்றால், அணைக்கப்பட்ட அந்த எச்சரிக்கையிலேயே இதற்கான வழியும் இருக்கிறது. தானாகத் திரும்ப இயலாது, உடனே உயரத்தைக் குறை, கையால் ஓட்டித் திருப்பு என்பதே கடுமையான எச்சரிக்கையின் சாரம். வழக்குக்குப் பயந்தவன் எழுதிய வாசகம் இப்படி இருக்காது. கருவியை இழந்தவர்களின் அனுபவத்தை அறிந்தவன் எழுதியது போல இருக்கிறது.

‘பத்து முறை பறக்கவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பது அடுத்த வாதம். காற்று சராசரியில் வீசுவதில்லை. விட்டு விட்டு மோதும். பத்து முறையும் மோதல்களுக்கு இடையில் தப்பியவர், பதினொன்றாவது முறைக்குச் சான்று எதையும் சேர்த்து வைக்கவில்லை. ‘போனால் என் காசு’ என்பது இறுதி வாதம். இதற்கு மறுமொழியாக என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

2022 ஆடி மாதம், அதே கணவாய்க்குக் கிழக்கே, நானும் ஓர் எச்சரிக்கையை விரலால் தள்ளிவிட்டேன். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, இன்னும் ஒரே ஒரு காட்சி என்று நினைத்தேன். கருவி கிழக்கே நழுவத் தொடங்கியது. வீடு திரும்பும் பொத்தானை அழுத்தினேன். அது மேலே ஏறி, இன்னும் வேகமாக நழுவியது. தரிசு நிலத்தின் குறுக்கே ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளுக்குப் பத்தடி தள்ளி விழுந்து கிடந்தது. ஒரு விசிறி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. ஆடுகள் சிதறி ஓடியிருந்தன. அந்த அம்மாள் திட்டவில்லை. “ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்லுவாவ. நீங்க இதப் போயி விட்டிருக்கியளே, தம்பி” என்றார். பிறகு ஆடுகளைக் கூப்பிடப் போய்விட்டார். அந்தப் பத்தடியை என் காசு என்ற கணக்கில் எப்படி எழுதுவது? இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்கு விமானிச் சான்றிதழ் கேட்பதில்லை. சட்டம் நம்மிடம் கேட்காத அறிவை, கீழே நிற்பவர்கள் நம்மிடம் எதிர்பார்க்க உரிமையுடையவர்கள்.

வெண்ணிக்குயத்தியாரிடம் திரும்புவோம். காற்றை ஏவல்கொண்டார்கள் என்பதை, காற்றைப் பொருட்படுத்தவில்லை என்று நாம் படித்துவிட்டோம். பாய்மரக் கலம் செலுத்தியவர்கள் காற்றுக்காகத் துறையில் காத்துக் கிடந்தவர்கள். அதன் பருவத்தையும் திசையையும் அறிந்து, உரிய நாளில் பாய் விரித்ததுதான் அந்த ஆட்சி. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று கடற்கரை மக்கள் காற்றுக்குப் பெயரிட்டது சொல்வளம் காட்டுவதற்காக அன்று. எந்தக் காற்றில் கடலுக்குப் போகலாம், எதில் கூடாது என்று அறிவதற்காக. நாம் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டோம், அவை சொன்ன எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

நண்பர் அடுத்த ஆடியிலும் கணவாய்க்குப் போவதாகச் சொல்கிறார். போகட்டும். கருவியை எழுப்புமுன் மரத்தைப் பார்க்கட்டும். முதலில் காற்றை எதிர்த்து அனுப்பட்டும். அப்போது திரும்பும் வழி எளிதாக இருக்கும். முதல் எச்சரிக்கை தோன்றியதும் காட்சியைக் கைவிட்டு, உயரத்தைக் குறைத்து, கையால் ஓட்டி இறக்கட்டும். இவ்வளவும் வேண்டாம் என்றால், பெட்டியைத் திறக்காமல் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். எப்படியானாலும் அந்த ஒலியை மட்டும் நிறுத்த வேண்டாம்.