படிக்கட்டில் சுங்கச் சாவடி!

அமெரிக்க நாட்டிலே பள்ளிக்கூடங்களை நேரடியாக நடத்துவது வாஷிங்டன் சர்க்கார் அல்ல. மாநிலத் தலைநகரங்களும் அல்ல. ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது அந்த நாடு. பெரும்பாலான மாவட்டங்களில் ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் உண்டு. அந்த வாரியம் சம்பளம் பேசி அமர்த்தும் தலைமை அதிகாரிக்குச் சூப்பரின்டெண்டெண்டு என்று பெயர். கண்காணிப்பாளர் என்று நாம் அழைப்போம். நம் ஊர் மாவட்டக் கல்வி அலுவலரைப்போல, மேலிடத்து உத்தரவு வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த மாவட்டத்துக்குப் புறப்படுகிறவர் அல்லர் இவர். வரவு செலவு இவர் கையில். பஸ்ஸும் பகலுணவும் இவர் கையில். ஆசிரியரை அமர்த்துவதும் நீக்குவதும் இவர் பரிந்துரையில். சங்கத்தோடு ஊதியப் பேச்சு நடக்கையில் மேசைக்கு எதிர்ப்புறத்தில் ஒலிக்கும் நிர்வாகக் குரலும் இவருடையதே.

அந்த நாற்காலியில் எவர் உட்கார்ந்தால் நமக்கென்ன என்று கேட்கும் தோழருக்கு, 2018ஆம் ஆண்டின் மேற்கு வர்ஜீனியாவை நினைவூட்டுகிறோம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ரத்தம் சிந்திச் சங்கம் கட்டிய மாநிலம் அது. அவ்வாண்டு பிப்ரவரி 22ஆம் நாள் ஆசிரியர்களும் பள்ளி ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. ஆனால் 55 கவுண்டிகளிலும் கண்காணிப்பாளர்கள் பள்ளிகளை மூடிவிட்டனர்! பூட்டிய பள்ளிக்கு வேலைக்கு வரவில்லை என்று யார்மீது குற்றம் சாட்டுவது? ஏழைப் பிள்ளைகளின் பகலுணவு நின்றுவிடக் கூடாதே என்று பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டே போராடினர் ஆசிரியர்கள். ஒன்பது பள்ளி நாட்கள் கழிந்து 5 சதவீத ஊதிய உயர்வு சட்டமாயிற்று. கண்காணிப்பாளரெல்லாம் புரட்சிக்காரர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆசிரியரே இல்லாத பள்ளியில் பிள்ளைகளை எப்படி வைத்துக்கொள்வது என்ற கவலையால் மூடியவரும் இருப்பர். ஆயினும் அந்த நாற்காலி எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தப் பதவிக்குப் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் வேண்டும். உரிமத்துக்கு மேற்பட்டம் வேண்டும். கரும்பலகையின் முன்னே நின்ற ஆசிரியர் படித்துப் பட்டம் பெற்று, தலைமையாசிரியராகி, பின்னர் மாவட்டத்தின் தலைமைக்கு ஏறுவதுதான் வழக்கமான பாதை. அந்தப் பாதை நெடுங்காலம் பெருநகரத்தாருக்கே வசதியாக இருந்தது. மான்டானா மாநிலத்தின் கிழக்கே கிளென்டைவ் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து போஸ்மனிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்துக்குச் சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள தொலைவைவிட அதிக தூரம். பகலெல்லாம் வகுப்பெடுத்து, மாலையில் விடைத்தாள் திருத்தி, வீட்டில் குழந்தைக்குச் சோறூட்டும் ஓர் ஆசிரியை அங்கே போய்ப் படிப்பது எப்படி? வேலையை விட்டால் வயிறு காயும். வேலையைப் பிடித்துக்கொண்டால் படிப்பு கைநழுவும்.

இணையவழி மேற்பட்டப் படிப்பு இந்தப் பூட்டை உடைத்தது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். "கணினித் திரையைப் பார்த்து வாங்கிய பட்டமும் ஒரு பட்டமா?" என்று உதடு பிதுக்கும் மேதாவிகளைக் கேட்கிறோம்: வேலை பார்த்துக்கொண்டே படிப்பது என்றைக்கு இழிவாயிற்று? 1862இல் சிகாகோவில் சாதாரணப் பள்ளி ஆசிரியையாகத் தொடங்கிய எல்லா பிளாக் யங் அம்மையார், நிர்வாகப் பொறுப்பைச் சுமந்துகொண்டே ஜான் டூயியின் வகுப்பில் போய் அமர்ந்தவர். 1900இல் முனைவர் பட்டம் பெற்றார். 1909இல் அந்த மாநகரத்தின் பள்ளிகளுக்கெல்லாம் கண்காணிப்பாளரானார். அமெரிக்கப் பெருநகர் ஒன்றில் அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். ஆசிரியர் மன்றங்கள் அமைத்து, பாடம் நடத்துகிறவரின் யோசனையைக் கேட்டே நிர்வாகம் நடக்க வேண்டும் என்று வாதாடியவர். அதற்குப்பின் நூறாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இன்றும் அந்நாட்டு ஆசிரியர்களில் நாலில் மூவர் பெண்கள். கண்காணிப்பாளர்களிலோ நாலில் ஒருவர்தான் பெண்! வீட்டையும் வேலையையும் விடாமல் ஏறக்கூடிய படிக்கட்டு எவருக்கு அதிகம் தேவை என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

ஆனால் படிப்பு என்பது பாடம் காதில் விழுவதோடு முடிந்துவிடுகிறதா? இந்தக் கேள்வி அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்ற கேள்வி. ஜார்ஜ் மக்லாரின் என்ற கறுப்பின ஆசிரியர், முதுகலைப் பட்டம் பெற்றவர், கல்வித்துறையில் முனைவர் பட்டத்துக்காக ஒக்லஹாமாப் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டினார். கறுப்பருக்கு இடமில்லை என்றார்கள். வழக்காடி 1948இல் உள்ளே நுழைந்தார். உள்ளே விட்டவர்கள் செய்த கொடுமையைக் கேளுங்கள்: வகுப்புக்குள் அல்ல, வகுப்பை ஒட்டிய முன்னறையில் அவருக்கு நாற்காலி! நூலகத்தில் மற்றவர் படிக்கும் கூடத்தில் இடமில்லை, இடைத்தளத்தில் தனி மேசை! சிற்றுண்டிச்சாலையில் தனி மேசை, அதுவும் வேறு நேரத்தில்! அதே பேராசிரியர், அதே பாடம், அதே பாடநூல். என்ன குறை என்று கேட்டது பல்கலைக்கழகம்.

1950 ஜூன் 5ஆம் நாள் நீதிபதிகள் ஒருமனதாகப் பதில் சொன்னார்கள். சக மாணவரோடு விவாதிப்பதும் கருத்துப் பரிமாறுவதும் தொழில் கற்பதன் பகுதியே என்றார்கள். இவர் நாளை பிறருக்கு வழிகாட்டப் போகிறவர், இவர் கல்வி குறைபட்டால் இவர் கீழ் வருவோர் கல்வியும் குறைபடும் என்றார்கள்.

நிறவெறியின் முன்னறையையும் இன்றைய கணினித் திரையையும் நாம் சமமாக வைக்கவில்லை. அங்கே மனிதனை அவமதிக்க நாற்காலியை வெளியே போட்டார்கள். இங்கே மனிதனுக்கு வசதியாக வகுப்பு வீட்டுக்கு வருகிறது. ஆனால் தீர்ப்பின் நியாயம் இங்கும் செல்லும். பதிவு செய்த உரையைத் தனியே கேட்டு, கட்டுரை எழுதி அனுப்பி, எவர் முகத்தையும் பாராமல் பட்டம் வாங்குகிறவர், நாளை ஆயிரம் ஊழியரின் தலைவிதியைத் தீர்மானிக்கும் மேசையில் எப்படி உட்காருவார்? பஸ் ஓட்டுநர் சம்பள உயர்வு கேட்கிறார், பள்ளிக் கூரை ஒழுகுகிறது, சொத்துவரியைக் கூட்டாதே என்று ஊரார் கூச்சலிடுகிறார்கள். மூன்றும் ஒரே மாலையில், ஒரே கூட்டத்தில்! இதைத் திரையில் கற்க முடியாது. அனுபவமுள்ள கண்காணிப்பாளர் ஒருவரின் பக்கத்தில் நின்று பழக வேண்டும். மின்னசோட்டா மாநிலம் உரிமம் கேட்போருக்கு 320 மணி நேரக் களப்பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நியாயமான விதி. வகுப்பு வீட்டிலிருந்தாலும் பயிற்சி களத்தில்தானே!

இனி, படிக்கட்டில் குந்தியிருக்கும் பேர்வழியைப் பார்ப்போம். இணையவழிப் படிப்பை நடத்தப் பல பல்கலைக்கழகங்கள் தனியார் கம்பெனிகளை அமர்த்தின. விளம்பரம் செய்வது, தொலைபேசியில் ஆள் பிடிப்பது, திரையை ஓட்டுவது எல்லாம் கம்பெனியின் வேலை. கூலி? மாணவர் கட்டும் கட்டணத்தில் பங்கு. பல ஒப்பந்தங்களில் பாதிக்கும் மேல், 60 சதவீதம் வரை! பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் முத்திரை. பணத்தில் பெரும்பங்கு தரகருக்கு. மாணவரைச் சேர்க்கத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கக் கூடாது என 1992இலேயே அந்நாட்டில் சட்டம் செய்தார்கள். தலைக்குக் கமிஷன் என்றால் என்ன என்பதைத் தோட்டக் கங்காணியைக் கண்ட தமிழ்த் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 2011இல் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. மற்றச் சேவைகளோடு சேர்த்துச் செய்தால் பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்றது. முன்வாசலில் விரட்டிய கங்காணி கொல்லைப்புறமாக வந்து சேர்ந்தான்.

2008இல் தொடங்கிய டூயூ என்ற கம்பெனி இவ்வகையில் பேர்போனது. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பள்ளிதான் அதன் முதல் வாடிக்கை. 2022 மார்ச்சில் அந்தப் பல்கலைக்கழகம் தன் கல்விப் பள்ளியைப் பத்திரிகைத் தரவரிசையிலிருந்து தானே விலக்கிக்கொண்டது. முனைவர் படிப்புச் சேர்க்கை பற்றிய கணக்குகள் பல ஆண்டுகளாகத் தவறாகத் தரப்பட்டிருந்தன. தரவரிசையைக் காட்டி ஏமாற்றினர் என்று பல்கலைக்கழகத்தின் மீதும் கம்பெனியின் மீதும் முன்னாள் மாணவர்கள் அவ்வாண்டு டிசம்பரில் வழக்குத் தொடுத்தனர். 2024 ஜூலையில் கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறியது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய ஆசிரியருக்கு அப்படி ஏற ஒரு படி உண்டா? நம் நாட்டிலும் 2022 ஜனவரியில், கம்பெனிகளோடு ஏஜென்சி முறையில் பட்டப்படிப்பு நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு எச்சரிக்க நேர்ந்ததை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள்.

கம்பெனி முதல் போடாவிட்டால் இணையப் படிப்பே வந்திராது என்று வாதிப்போர் உளர். 19 மேற்கு மாநிலங்களின் ஆளுநர்கள் சேர்ந்து 1997இல் லாபநோக்கற்ற இணையப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவினார்களே, அது எப்படி நடக்கிறது? ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம். முடிந்த அளவு பாடங்களைப் படித்துக்கொள்ளலாம். பள்ளித் தலைமைக்கான முதுகலையும் அங்கே உண்டு. கூடிப் பேசும் வகுப்பு அங்கே குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறையைத் தீர்க்கத் தரகர் தேவையில்லை, பேராசிரியர்தான் தேவை.

கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரித் தலைவராயிருந்த ஆர்தர் லெவின் 2005இல் வெளியிட்ட அறிக்கையில், பள்ளித் தலைவர்களைத் தயாரிக்கும் படிப்புகள் பலவற்றைக் கிழித்தெறிந்தார். ஊதிய உயர்வுக்காக ஆசிரியர்கள் சுலபமான பட்டத்தைத் தேடுகிறார்கள் என்பதும் அவர் புகார்களில் ஒன்று. படிப்பின் தரம் பற்றி அவர் சொன்னது சரி. ஆசிரியர்மேல் பழி போடுவதை மட்டும் நாம் ஏற்கமாட்டோம். பட்டத்துக்கேற்ற ஊதியம் என்ற முறை, பெண் என்றும் கறுப்பர் என்றும் குறைத்துக் கொடுத்ததை ஒழிக்கப் போராடிப் பெற்றது. மலிவுச் சரக்கை விற்றவர் பல்கலைக்கழகத்தார். வாங்கியவரை ஏன் வைகிறார்?

மேற்பட்டப் படிப்புக்குக் கட்டணம் எவ்வளவானாலும் கடன் தந்த கிராட் பிளஸ் திட்டத்தை, 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்கு நிறுத்த 2025இல் சட்டம் செய்தார்கள். சாதாரண மேற்பட்ட மாணவருக்கு மொத்தக் கடன் வரம்பு 1,00,000 டாலர். வரம்பு வந்தால் கட்டணம் தானே இறங்கும் என்கிறார்கள். தரகர் பங்கு குறையாமல் கட்டணம் எப்படி இறங்கும்? இறங்காவிட்டால் கைக்காசு உள்ளவர் ஏறுவார். கிளென்டைவ் ஆசிரியை கீழேயே நிற்பார்.

ஆகவே கட்டணப் பங்கை ஒழிக்க வேண்டும் என்கிறோம். வேலைக்கேற்ற கூலி கொடுத்துக் கம்பெனியிடம் திரையை ஓட்டச் சொல்லட்டும், தலைக்கணக்கு வேண்டாம். மின்னசோட்டா 2024இல் இதைச் சட்டமாகவே செய்துவிட்டது: அரசுக் கல்லூரிகள் கட்டணப் பங்கு ஒப்பந்தம் புதிதாகப் போடக் கூடாது. மற்ற மாநிலங்களின் ஆசிரியர் சங்கங்கள் தத்தம் சட்டசபைகளில் இதே சட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்கும்போது ஓட்டையையும் அடைத்துக் கேட்கட்டும்: மின்னசோட்டாச் சட்டம் கட்டுவது அரசுக் கல்லூரிகளை மட்டுமே, தனியார் பல்கலைக்கழகமும் தரகரும் அங்கே இன்னும் பங்கு பிரித்துக்கொள்ளலாம்.