பனிக்காலத்து வெயிலும் நம் கண்களும்

சித்திரை வைகாசியில் வெயிலை வைதுகொண்டு குடை தேடும் நம்மவர், மார்கழி பிறந்ததும் அதே வெயிலைத் தேடிச் சென்று காய்கின்றனர். காதையும் கழுத்தையும் கம்பளியாற் சுற்றிக்கொண்டு, கிழக்கு நோக்கி நின்று, முகம் முழுதும் இளவெயில் பட இன்புறுவாரைத் திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்திலும், பேருந்து நிலையத்திலும், நம் கலாசாலை வாயிலிலும் நாள்தோறும் காண்கின்றோம். குளிர்காற்றினூடே வரும் வெயில் கண்ணுக்குத் தீங்கற்றது என்பது அவர் துணிபு. அத்துணிபு பிழையென்பதே யாம் கூறவந்தது.

உடலிற் படும் வெம்மை வேறு. கண்ணைக் கெடுக்கும் கதிர் வேறு. புறஊதாக் கதிர்கள் மிகுந்துள்ளனவா குறைந்துள்ளனவா என்பதை நம் தோல் அப்பொழுதே அறியமாட்டாது. பனிக்காலத்தில் கண்ணைக் காக்குமாறு மேனாட்டார் எழுதுவது பெரும்பாலும் உறைபனியைக் கருதியே. புதிதாகப் பெய்த உறைபனி தன்மேல் விழும் புறஊதாக் கதிரில் 100-க்கு 80 பங்கு வரை திருப்பியெறியும். நம் சமவெளியில் அஃது இல்லை. ஆயினும் நாம் மகிழ்தற்கு இடமில்லை. டிசம்பர் 21-ஆம் நாளையொட்டி இலண்டன் மாநகரில் நண்பகற் சூரியன் அடிவானத்திற்கு மேல் 15 பாகையே எழும். திண்டுக்கல்லிலோ 56 பாகை. அவர்களுடைய நடுக்கோடையிலேயே அது 62 பாகைதான். நமது மார்கழி நண்பகல் அவர்தம் கோடை நண்பகலுக்குச் சிறிதே தாழ்ந்ததாயிருக்க, குளிர்காலம் என்ற பெயரை நம்பி நாம் ஏமாறலாமோ?

இன்னுமொன்று. சித்திரை உச்சிவெயில் தலையிற் படும்போது புருவமும் இமையும் கண்ணுக்கு நிழல் செய்யும். சாய்ந்த வெயிலோ அவற்றின் கீழே புகுந்து விழியிற் பாயும். கண்ணிற் புகும் புறஊதாக் கதிரை அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர், சூரியனை நோக்கி நிற்பார்க்கு அது 40 பாகையளவில் நிற்கும்போதே மிகுதியெனக் கண்டனர். மார்கழியில் நம் ஊரில் அந்நிலை முற்பகல் பத்து மணிக்குச் சற்று முன்னும், பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்னும் வாய்க்கின்றது. நிலக்கோட்டைப் பக்கத்துப் பூந்தோட்டங்களிலும் கொல்லைகளிலும் கூலிவேலை செய்வார் குனிந்து நிமிரும் வேளைகள் அவையே. தலைமுண்டாசு உச்சியைக் காக்கும். விளிம்பின்மையால் விழியைக் காவாது. வெண்விழியிலிருந்து கருவிழிமேற் படரும் சதையும், கண்புரையும் ஒரு நாளில் வருவன அல்ல. பல்லாண்டு வெயில் அவற்றிற்கு ஒரு காரணமாகின்றது. தோட்டமுடையோர் கூலியோடு ஓர் ஓலைத்தொப்பியும் கொடுப்பாராயின் அவர் செல்வம் குன்றிவிடாது.

சுடாத வெயில் தீங்கற்றது என்னும் இப்பிழையே, கிரகணத்தன்று கூசாத சூரியன் தீங்கற்றது என்னும் பெரும்பிழையாக வளர்கின்றது. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருநாளின் மறுநாள், மார்கழி அமாவாசையில் நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தின் பாதையிலே கோயமுத்தூரும் கரூரும் போலத் திண்டுக்கல்லும் இருந்தது. காலை எட்டு மணிக்குப் பின் தொடங்கி ஒன்பதரை மணியளவில் சந்திரன் சூரியனில் 100-க்கு 90 பங்குக்கு மேல் மறைத்து, ஒளிவளையம் மாத்திரம் எஞ்சியது. அத்தகைய மங்கிய சூரியனைக் காணுங்கால் கண் கூசாது. கூசாமையால் இமையும் மூடாது. குவிந்த ஒளி விழித்திரையின் நடுவிடத்தைக் கெடுக்கும். விழித்திரைக்கு நோவறியும் நரம்பு இல்லாமையின், சில மணி நேரங் கழித்துப் பார்வையின் நடுவே ஒரு மறைப்புத் தோன்றும்போதே கேடு தெரியவரும். சிலர்க்குச் சில மாதங்களில் அது தெளியும், சிலர்க்குத் தெளிவதில்லை. அதனை உறுதியாய்த் தீர்க்கும் மருந்தும் இல்லை.

மஞ்சள் நீரிலும் சாணநீரிலும் சூரியன் நிழலைப் பார்த்தலும், எக்ஸ்ரே படத்தையோ புகையேற்றிய கண்ணாடியையோ பிடித்துப் பார்த்தலும் கூச்சத்தைப் போக்குமேயன்றிக் காவலாகா. கிரகணத்தில் உலக்கை தானே நிற்குமென்று தாம்பாளத்து நீரில் நிறுத்திப் பார்ப்பாரை யாம் மிகவும் கடியோம். அவர் கண் தரையையேனும் நோக்கியிருந்தது! அடுக்களைச் சல்லடையை வெயிலிற் பிடித்தால் தரையிலே நூறு வளையங்கள் தோன்றுமே. அதனினும் இனிய காட்சி உண்டோ? நம் மாவட்டத்துக் கொடைக்கானல் மலையில் 1899-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஆராய்ச்சி நிலையத்தில் சூரியனையே பயிலும் அறிஞரும், அதன் உருவத்தைத் திரையில் வீழ்த்தியும் படமெடுத்துமே ஆராய்வர்.

நாள்தோறும் வெயிலிற் செல்வார்க்கு வேண்டுவன அகன்ற விளிம்புத் தொப்பியும், முன்சாய்த்துப் பிடித்த குடையும், தக்க மூக்குக்கண்ணாடியுமே. கண்ணாடி கறுப்பாயிருந்தாற் போதாது. 400 நானோமீட்டர் வரையுள்ள கதிரைத் தடுப்பதாய் இருத்தல் வேண்டும். அங்ஙனம் தடுக்காத கறுப்புக் கண்ணாடியின் பின்னே கண்மணி விரிந்து, கதிர் புக வழி பெரிதாகும்.

ஆயின் கருங்கண்ணாடி அணிந்த மாணாக்கனை மைனர் என நகைப்பதும், குடை பிடித்த இளைஞனைக் கிழவன் என அழைப்பதும் நம்மிடை வழக்காயிருக்கின்றன. நகைப்பாருள் ஆசிரியர் சிலரும் உளர் என்று கூற வருந்துகின்றோம். காலை வழிபாட்டிற்கும் விளையாட்டுப் பயிற்சிக்கும் மாணாக்கரைக் கிழக்கு முகமாய் நிறுத்தும் வழக்கத்தை மேற்கு முகமாய் மாற்றுதற்குக் காசொன்றும் செலவில்லை. 2031-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் தென்தமிழ்நாட்டின் குறுக்கே மீண்டும் ஒரு கங்கண கிரகணம் செல்லவிருக்கின்றது. அது விடுமுறைக் காலமாயிருத்தல் கூடும்; ஆதலின் தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடிகளை முன்னரே வாங்கி, மாணாக்கர் தத்தம் ஊர்க்கு எடுத்துச் செல்லுமாறு கொடுக்கும்படி பௌதிக சாஸ்திரப் பகுதியாரை வேண்டுகின்றோம்.