ஊசி புதியதா என்று கேளுங்கள்

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வந்த உற்சாகத்தில் பச்சை குத்திக்கொள்ள உட்காரும் இளைஞர்கள், ஊசியும் மையும் புதியவைதானா என்று கேட்டுவிட்டுக் கையை நீட்ட வேண்டும். ஹெபடைடிஸ் சி ரத்தத்தின் வழியே பரவும் வைரஸ். பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் கல்லீரலைச் சுருக்கி, புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும். கண் மஞ்சளான பிறகு கீழாநெல்லியைத் தேடுவது நம் வழக்கம். இந்த நோயில் அதற்குள் காலம் கடந்திருக்கலாம்.

தடுப்பூசி கிடையாது. ஆனால் மாத்திரை உண்டு. பெரும்பாலோருக்கு 12 வாரச் சிகிச்சை போதும். நூற்றுக்கு 95 பேர் முழுதாகக் குணமாகிறார்கள். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அப்படியிருந்தும் தொற்றுள்ள பலர் அதை அறியாமலேயே இருப்பது வேதனை.

டயாலிசிஸ் செய்துகொள்வோரும், தொண்ணூறுகளிலோ அதற்கு முன்போ ரத்தம் ஏற்றிக்கொண்டோரும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். முதல் சோதனையில் தொற்று தெரிந்தால் ஆர்.என்.ஏ. சோதனையும் தேவை; வைரஸ் இப்போதும் உடலில் உள்ளதா என்பதை அதுதான் காட்டும். பச்சை குத்தும் கடைகளைச் சுகாதாரத் துறை முறையாகக் கண்காணிக்கட்டும், கடற்கரைக் குப்பங்களில் முகாம் நடத்தட்டும். செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தயங்காமல் போய்க் கேளுங்கள்.