மெருகுப்பசையும் தேயும் முத்திரையும்

கையால் சுங்கான் செய்வோரிடையே எந்த மெருகுப்பசை சிறந்தது என்னும் வாதம் ஓய்வதில்லை. எது அதிகப் பளபளப்பைத் தரும் என்றே பலரும் கேட்கிறார்கள். எது குறைவாகத் தேய்க்கும் என்று கேட்பதே முறை என்பது என் கட்சி.

மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்னும் புதரின் வேர்முண்டே பிரையர். பிரான்சின் ழூரா மலைப்பகுதியிலுள்ள சேன்-க்ளோது நகரம் 19ஆம் நூற்றாண்டிலேயே இம்மரத்தில் சுங்கான் கடைந்து பேர்பெற்றது. இதற்கு முதலில் இடும் டிரிப்போலி, சிலிக்காத் துகளைக் கொழுப்பில் பிணைத்த பசை. உப்புத்தாள் விட்ட கீறல்களை அது நீக்கும். அழுத்திப் பிடித்தால் ஏற்றிய சாயத்தையும் நீக்கிவிடும். அடுத்தது அதனினும் நுண்ணிய 'வெள்ளை வைரம்'. சிவப்பு ரூஜ் இரும்பு ஆக்சைடு. அது பொன் வெள்ளிக்கு உரியது. மரத்தின் நுண்துளைகளில் அதன் நிறம் தங்கிவிடலாம். இறுதியில் வருவது பிரேசில் நாட்டுப் பனையோலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு. ஏறத்தாழ 82 முதல் 86 பாகை செல்சியஸில் அது உருகும். சக்கரத்தின் உராய்வுச் சூட்டிலேயே இளகிப் பரவும்.

இந்த வரிசையில் மெழுகு ஒன்றே பொருளின்மேல் சேர்வது. ஏனையவை யாவும் பொருளைக் கழிப்பவை. பருந்துகள் நுண்பசையோடு கலவாதிருக்க ஒவ்வொன்றுக்கும் தனிச் சக்கரம் வேண்டுவதும் இதனால்தான்.

வாய்க்குழலில் இன்னும் கவனம் தேவை. கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரான எபோனைட், வெளிச்சம் பட்டுப் பச்சைப்பழுப்பாக மாறும். அந்த மெல்லிய படலத்தைப் போக்க வேகச் சக்கரத்தில் டிரிப்போலியை அழுத்துவோர், பல்லுக்குப் பிடிமானமான விளிம்பையும் மழுக்கிவிடுகிறார்கள். அக்ரிலிக்கோ சூடேறினால் இளகி இழுபடும். அதற்குக் குறைந்த வேகமும் நெகிழிக்குரிய மென்பசையும் போதும்.

பழைய சுங்கானைப் புதுப்பிக்கும்போது இழப்பு பெரிது. டன்ஹில் சுங்கான்களின் தண்டில் பொறித்த சிற்றெண் அது செய்யப்பட்ட ஆண்டைச் சொல்லும். சில நொடி மிகைத் தேய்ப்பில் எண் மறைந்தால், பிறகு எந்தப் பசையும் அதை மீட்டுத் தராது. சுவடியில் புரியாத பாடத்தைத் தம் விருப்பப்படி 'திருத்தி' ஓசையை நயப்படுத்தும் பதிப்பாசிரியரின் செயலுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. படிக்க இனிதாயிருக்கும், மூலம் போயிருக்கும்.

ஆகவே நுண்பசையில் தொடங்குங்கள். அது போதாதபோது மட்டும் டிரிப்போலிக்குச் செல்லுங்கள். முத்திரை உள்ள இடத்தைச் சக்கரத்திடம் கொடுக்காமல் மெழுகும் துணியும் கொண்டு கையாலேயே துடையுங்கள். அங்கே ஒளி சற்றுக் குறைந்தாலும் குறையில்லை.