ஹெரால்டுக்கு உசுரு குடுக்கலாமா மச்சி?

திருநீர்மலை தாத்தா வீட்டு ஷெட்டுல ஸ்டாண்டர்டு ஹெரால்டு தூங்குதா? எழுப்பிடுங்க பாஸ்! பக்கத்துப் பெருங்களத்தூர்ல பொறந்த வண்டியாச்சே. கம்பெனிதான் 1980-களின் கடைசியிலேயே கடையைக் கட்டிடுச்சு. அதனால புதுப்பேட்டையில தேடும்போது உஷார்!

ஹெரால்டுல பின்சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஆடும். 1972-ல வந்த கெஸல்ல ஒரே ஆக்ஸில். 'எல்லாம் ஒண்ணுதான் தம்பி'ன்னா நம்பாதீங்க. பழைய பீஸைக் கையோட எடுத்துட்டுப் போய் ஒப்பிடுங்க.

முன்பக்க ட்ரன்னியன் இன்னும் மோசம். இடது, வலது மரையே வேற வேற. அதுக்கு கிரீஸ் இல்ல, கியர் ஆயில்தான். காய்ஞ்சு இறுகினா லிங்க் முறிஞ்சு சக்கரம் மடங்கிடும், ஓடுற வண்டியில! இங்க சிக்கலைன்னா, இங்கிலாந்துல டிரையம்ப் ஹெரால்டு ட்ரன்னியன் இன்னும் புதுசாவே விக்கிறாங்க. பாக்கெட் மணி? அது தாத்தாகிட்ட!